சோம்பல் எனப்படும் நோய்க்கூறு: மனச்சிதைவின் குறை அறிகுறிகளும் தமிழகக் குடும்பங்களும்

மனச்சிதைவு என்றதும் தெருவோரம் தனக்குத்தானே பேசிக்கொண்டு போகும் ஒருவரைத்தான் நாம் நினைத்துக்கொள்கிறோம். திரைப்படங்களும் அவரையே காட்டிப் பழக்கியிருக்கின்றன. யாருமில்லாத இடத்தில் குரல் கேட்பது, பக்கத்து வீட்டார் செய்வினை வைத்துவிட்டதாக உறுதியாக நம்புவது, தொலைக்காட்சிச் செய்தி தன்னைக் குறித்தே பேசுகிறது என்று அஞ்சுவது போன்றவை இந்நோயின் மிகை அறிகுறிகள். இயல்பில் இல்லாத ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது என்பது பொருள். இருந்தவை தேய்ந்து போவது இன்னொரு பக்கம். பேச்சு சுருங்குகிறது, முகத்தில் உணர்ச்சி மங்குகிறது, ஒரு வேலையைத் தொடங்கும் உந்துதல் அற்றுப்போகிறது, மனிதர்களை நாடும் விருப்பம் வற்றுகிறது. இவை குறை அறிகுறிகள். நோயாளியின் பிழைப்பையும் உறவையும் நீண்ட காலத்துக்குத் தீர்மானிப்பதில் மிகை அறிகுறிகளைவிட இவற்றின் பங்கே பெரிது என்பதும், இவற்றை நோயென்று குடும்பமும் ஏற்பதில்லை, மருத்துவமனையும் எண்ணிக்கையில் கொள்வதில்லை என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

மாவட்டத் தலைமை மருத்துவமனைகளின் மனநலப் புறநோயாளர் பிரிவில் மீண்டும் மீண்டும் நடக்கும் உரையாடலின் வடிவம் ஒன்றைப் பார்க்கலாம். மகனுக்கு இருபத்தாறு வயது, பாலிடெக்னிக் முடித்தவன். அம்மாதான் பேசுகிறார். “முன்ன மாதிரி கத்துறதில்ல சார், தனியா பேசுறதும் நின்னுபோச்சு. ஆனா எந்நேரமும் படுத்தே கெடக்கான். குளிடான்னு நாலு தடவ சொல்லணும். தட்டுல போட்டு வச்சா சாப்புடுவான், இல்லாட்டி பசிக்குதுன்னுகூட கேக்க மாட்டான். வேலைக்குப் போற நெனப்பே இல்ல. நீங்களாவது புத்தி சொல்லுங்க.” குரல் கேட்கிறதா, யார் மேலாவது சந்தேகம் வருகிறதா, தூக்கம் எப்படி என்று மருத்துவர் மகனிடம் கேட்கிறார். இல்லை, இல்லை, நன்றாகத் தூங்குகிறேன். வெளியே இன்னும் எண்பது பேர் காத்திருக்கிறார்கள். ரிஸ்பெரிடோன், ட்ரைஹெக்சிபெனிடில், அதே அளவு, ஒரு மாதத்துக்கு என்று சீட்டில் எழுதப்படுகிறது.

அந்தத் தாய் சொன்ன ஒவ்வொரு வாக்கியமும் ஓர் அறிகுறி. ஆனால் அவர் அதை நோயாகச் சொல்லவில்லை. மகனுடைய குணக்கேடாகச் சொல்கிறார். அதனால்தான் மருந்து கேட்காமல் புத்தி சொல்லக் கேட்கிறார். மருத்துவர் கேட்ட கேள்விகளுக்குள் அவருடைய முறையீடு எங்கும் இடம்பெறவில்லை. சிகிச்சை வெற்றி என்று பதிவாகும் இந்தச் சந்திப்பில் குடும்பத்தை வாட்டும் பகுதி முழுவதும் விடுபட்டுப் போனது.

இந்த விடுபடலுக்கு ஒரு வரலாறு உண்டு. இந்நோயைத் தனியாகப் பிரித்து விவரித்த ஜெர்மானிய மருத்துவர் எமில் கிரேப்பெலின், மனவிருப்பத்தின் ஊற்றுகள் வலுவிழப்பதை அதன் அடிப்படைக் கூறுகளுள் ஒன்றாக வைத்தார். அடுத்து வந்த சுவிட்சர்லாந்தின் ஆய்கன் பிளாய்லர், 1911-இல் வெளியிட்ட நூலில், குரல்களையும் பிரமைகளையும் துணை அறிகுறிகள் என்றே வகைப்படுத்தினார். ஆக, முதல் தலைமுறை ஆய்வாளர்களுக்குத் தேய்மானமே மையம். 1952-இல் பாரிஸில் ழான் தெலேயும் பியர் தெனிக்கரும் குளோர்புரோமசினைப் பயன்படுத்தத் தொடங்கியதும் கவனம் இடம் மாறியது. அந்த மருந்தும் அதன் வழிவந்தவையும் டோப்பமின் ஏற்பிகளைத் தடுக்கின்றன. குரல்களும் சந்தேகங்களும் பலருக்கு வாரக்கணக்கில் அடங்குகின்றன. விலங்குகளும் பூட்டுகளும் நிறைந்த மனநலக் காப்பகங்களுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்பதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆனால் மருந்து எதைத் தணிக்கிறதோ அதுவே நோய் என்ற எண்ணமும் கூடவே வளர்ந்தது. 1980-களில் திமோத்தி குரோவும் நான்சி ஆண்டிரியாசனும் குறை அறிகுறிகளை மறுபடி ஆய்வின் நடுவுக்குக் கொண்டுவந்தார்கள். காரிபிரசின் போன்ற சில புதிய மருந்துகள் இவற்றில் ஓரளவு பயன் தருவதாகத் தெரிந்தாலும், குரல்களைத் தணிப்பதுபோல உந்துதலை மீட்டுத் தரும் மருந்து இன்றும் இல்லை.

உந்துதல் இல்லாமை வேறு, சோம்பல் வேறு என்று எப்படி நிறுவுவது? கடந்த இருபத்தைந்து ஆண்டு ஆய்வுகள் இங்கே நுட்பமான விடை தருகின்றன. இனிமையான படத்தையோ சுவையான உணவையோ முன்னால் வைத்தால், மனச்சிதைவு உள்ளவர்கள் அந்தக் கணத்தில் அடையும் இன்பம் மற்றவர்களுடையதிலிருந்து அதிகம் வேறுபடுவதில்லை. வேறுபடுவது எதிர்பார்ப்பில். நாளை வரப்போகும் இன்பத்தை இன்றே மனத்தில் கண்டு அதை நோக்கி எழுவதற்கான ஆற்றல் குன்றியிருக்கிறது. கூடுதல் பரிசுக்காகக் கூடுதல் முயற்சி கேட்கும் சோதனைகளில், பரிசு பெரிதாகும்போது அதற்கேற்பத் தம் முயற்சியைக் கூட்டுவது இவர்களுக்குக் கடினமாக இருக்கிறது. தட்டில் போட்டு வைத்தால் சாப்பிடுபவன் பசி வந்தும் கேட்காமல் இருப்பதன் விளக்கம் இதில் இருக்கிறது. சோம்பேறிக்கு உழைக்காமல் கிடைக்கும் சுகம் தெரியும், அதைத் தேர்ந்துகொள்கிறான். இங்கே தேர்வு என்ற செயலே பழுதுபட்டிருக்கிறது.

ஒரு மறுப்பை இங்கே நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். நோயாளியின் செயலின்மை எல்லாம் நோயிலிருந்தே வருவதல்ல. மருந்தின் அளவு கூடினால் உடல் விறைக்கும், முகம் அசைவிழக்கும், பகலெல்லாம் தூக்கம் சொக்கும். இவை குறை அறிகுறிகளைப் போலவே தோன்றும். மனச்சோர்வும் சேர்ந்திருக்கலாம். வெறுமையான சூழலே இதைத் தோற்றுவிக்கலாம் என்பதற்கு வலுவான சான்று 1970-இல் ஜான் விங்கும் ஜார்ஜ் பிரவுனும் வெளியிட்ட ஆய்வு. இங்கிலாந்தின் மூன்று மனநல மருத்துவமனைகளில் நெடுங்காலம் தங்கியிருந்த பெண் நோயாளிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். எந்த வேலையும் இல்லாமல் கழியும் நேரம் மிகுந்த இடத்தில் ஒடுக்கமும் மிகுதி. அந்த வெற்று நேரம் குறைந்தபோது நோயாளிகளிடமும் முன்னேற்றம். இந்தச் சான்று என் வாதத்தை வலுப்படுத்தவே செய்கிறது என்று கருதுகிறேன். விறைப்பு, சோர்வு, வெறுமை ஆகிய மூன்றும் சரிசெய்யக்கூடியவை. கேட்டால்தானே சரிசெய்ய முடியும்?

குடும்பத்துக்கு வருவோம். இந்திய மனநல மருத்துவம் உலகுக்குக் கற்றுத்தந்த ஒன்று உண்டென்றால் அது குடும்பத்தை உள்ளே அழைத்ததுதான். 1950-களிலேயே அமிர்தசரஸில் வித்யா சாகர் நோயாளிகளின் உறவினர்களை மருத்துவமனை வளாகத்தில் கூடாரமிட்டுத் தங்கவைத்தார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் பாகாயம் மனநல மையம் குடும்பத்தினர் உடன் தங்குவதைச் சிகிச்சையின் பகுதியாகவே ஆக்கியது. குறைகூறலும் பகைமையும் மிகுந்த வீட்டுக்குத் திரும்பும் நோயாளிக்கு நோய் மீள்வது அதிகம் என்று லண்டன் ஆய்வுகள் காட்டின. சண்டிகரில் அதே அளவுகோலை வைத்துப் பார்த்தபோது அத்தகைய வீடுகள் லண்டனைவிடக் குறைவாகவே இருந்தன. நாம் பெருமைப்பட இதில் இடமுண்டு. ஆனால் லண்டன் ஆய்வுகளிலேயே வெளிப்பட்ட இன்னொரு விவரம் நம் வீடுகளுக்கும் பொருந்தும் என்று எண்ணுகிறேன். உறவினரின் குறைகூறலில் பெரும்பகுதி பிரமைகளின் மேல் விழுவதில்லை. செயலின்மையின் மேல், பேசாமையின் மேல், அக்கறையின்மையின் மேல் விழுகிறது. பேய் பிடித்ததென்று நினைக்கும் வரை நம் குடும்பங்கள் பொறுத்துக்கொள்கின்றன, கோயிலுக்கும் தர்காவுக்கும் அழைத்துப் போகின்றன. பேய் போன பிறகும் எழுந்திருக்காதவனை மன்னிக்க மறுக்கின்றன.

வளரும் நாடுகளில் மனச்சிதைவு நன்றாகக் குணமாகிறது என்ற கூற்றை இந்த இடத்தில் சோதிக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 1960-களின் இறுதியில் ஒன்பது நாடுகளில் தொடங்கிய ஆய்வில் ஆக்ராவும் நைஜீரியாவின் இபாடானும் லண்டனையும் வாஷிங்டனையும்விட நல்ல விளைவைக் காட்டின. சண்டிகர் இடம்பெற்ற, 1992-இல் வெளியான அடுத்த ஆய்விலும் அதே போக்குதான். அன்றிலிருந்து இது ஒரு வேதவாக்கு ஆகிவிட்டது. கூட்டுக் குடும்பமும் பண்பாடும் மருந்து என்று கருத்தரங்குகளில் பேசப்படுகிறது.

சென்னைத் தரவுகள் இதை அவ்வளவு எளிதாக விடவில்லை. 1981, 82-ஆம் ஆண்டுகளில் முதன்முறை நோய்வாய்ப்பட்டு வந்த 90 பேரைச் சென்னையில் சேர்த்துக்கொண்டு, பத்தாண்டு, இருபதாண்டு, இருபத்தைந்து ஆண்டு என்று தொடர்ந்த நெடுங்கால ஆய்வு உலக அளவில் அரிதானது. அதை நடத்தியவர்களுள் முதன்மையானவர் ஆர். தாரா. பெரும்பாலோருக்கு மிகை அறிகுறிகள் முதல் ஓரிரு ஆண்டுகளிலேயே தணிந்தன. ஆண்களில் பலர் வேலையில் நீடித்தார்கள். திருமணங்களும் கணிசமாக நடந்தன, நிலைத்தன. இது உண்மை. அதே தாரா, அலெக்ஸ் கோஹன், விக்ரம் படேல், ஓயே குரேஜே ஆகியோருடன் சேர்ந்து 2008-இல் எழுதிய கட்டுரை 11 நாடுகளின் 23 நெடுங்கால ஆய்வுகளை ஒருசேரப் பார்த்து, அந்த வேதவாக்குக்குப் போதிய ஆதாரமில்லை என்று கண்டது. நாட்டுக்கு நாடு விளைவுகள் மாறுபட்டன. இறப்பு, வேலை, மணவாழ்வு ஆகியவற்றிலும் நிலை எங்கும் ஒரே சீராக நன்றாக இருக்கவில்லை.

இந்த இரண்டையும் இணைத்துப் பார்க்கையில் எனக்குத் தோன்றுவது இது. சென்னையில் பலர் வேலையில் நீடிக்க முடிந்ததற்குப் பண்பாட்டைவிட வேலையின் வடிவம் காரணமாக இருந்திருக்கலாம். மாமாவின் மளிகைக்கடையில் பொட்டலம் கட்டுவது, சொந்த வயலில் மடை திருப்புவது, அச்சகத்தில் தாள் அடுக்குவது ஆகியவற்றில் உந்துதல் வெளியிலிருந்து வருகிறது. பக்கத்தில் ஒருவர் இருந்து “இதை எடு, அதை வை” என்கிறார். மெதுவாகச் செய்தாலும் யாரும் வெளியேற்றுவதில்லை. குறை அறிகுறிகளுக்கு இதைவிடப் பொருத்தமான பணியிடத்தைத் திட்டமிட்டு உருவாக்குவது கடினம். அந்தக் கடைகளும் வயல்களும் குறைந்து, இலக்கும் நேர்காணலும் நிரம்பிய வேலைச்சந்தை வந்துவிட்ட இன்றைய தமிழகத்தில் 1981-இன் விளைவுகள் தாமே தொடரும் என்று எதிர்பார்க்க எந்த ஆதாரமும் இல்லை.

கூட்டுக் குடும்பம் எப்போதும் காத்தது என்பதற்கும் எதிர்ச்சான்று சென்னையிலேயே உண்டு. பத்மாவதியும் உடன் ஆய்வாளர்களும் 1998-இல் வெளியிட்ட ஆய்வு, நகரின் ஒரு பகுதியில் ஒருமுறைகூடச் சிகிச்சை பெறாத மனச்சிதைவு நோயாளிகள் பலர் குடும்பங்களோடு வாழ்ந்துகொண்டிருப்பதைக் காட்டியது. குடும்பம் அவர்களைத் தாங்கியது, ஆனால் மருத்துவரிடம் கொண்டுசெல்லவில்லை. மூலையில் அமைதியாக அமர்ந்திருப்பவரால் யாருக்கும் தொல்லையில்லை. 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி மனப்பிறழ்வு நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய நான்கில் மூவருக்குச் சிகிச்சை எட்டவில்லை. இவர்களுள் எத்தனை பேர் தொல்லை தராததாலேயே விடுபட்டவர்கள் என்ற கேள்வி ஆய்வுக்குரியது.

பெண்களின் நிலை வேறு. ‘கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிடும்’ என்ற நம்பிக்கையில், நோயை மறைத்தே பல திருமணங்கள் நடக்கின்றன. வேலைக்குப் போகாத ஆணின் செயலின்மையை அவன் தாய் ஈடுசெய்வாள். காலையில் அடுப்பு பற்றவைக்காத மருமகளின் செயலின்மையை ஈடுசெய்ய அந்த வீட்டில் யாருமில்லை. மணமுறிந்து பிறந்தகம் திரும்பிய இத்தகைய பெண்களைப் பற்றிச் சென்னை மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனம் செய்த ஆய்வுகள் அவர்களுடைய இரட்டைச் சுமையைப் பதிவுசெய்துள்ளன: ஜீவனாம்சம் பெரும்பாலும் இல்லை, பாரம் முழுவதும் முதிய பெற்றோர் மேல். 1984-இல் அந்நிறுவனத்தைத் தொடங்கிய சாரதா மேனன், கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையைப் பல ஆண்டுகள் நிர்வகித்தவர். மருந்தோடு தொழிற்பயிற்சியும் மறுவாழ்வும் சேர வேண்டும் என்பதை அவர் அன்றே வலியுறுத்தியது தற்செயலன்று.

செய்ய வேண்டியதற்கான கருவிகள் நம்மிடமே உள்ளன. மனநோயால் வரும் இயலாமையை மதிப்பிட இந்தியாவில் உருவான ‘ஐடியாஸ்’ அளவுகோல் தன்பராமரிப்பு, மனித உறவு, பேச்சும் புரிதலும், வேலை என்ற நான்கு துறைகளையே கேட்கிறது. குரல் கேட்கிறதா என்ற கேள்வி அதில் இல்லை. அந்தத் தாய் சொன்னவை எல்லாம் அந்த நான்கில் அடங்கும். இன்று அது மாற்றுத்திறனாளி சான்றிதழ் தருவதற்கு மட்டும், அநேகமாக ஒரே ஒருமுறை, எடுக்கப்படுகிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு நோயாளிக்கும் அதை நிரப்பிக் கோப்பில் வைத்தால், எந்த மருத்துவரும் ‘அதே மருந்து’ என்று எழுதி நகர முடியாது. மருந்தளவைக் குறைக்கலாமா, மனச்சோர்வு இருக்கிறதா, எந்த வேலையில் சேர்க்கலாம் என்ற கேள்விகள் தாமே எழும்.

அவற்றுக்கு விடை தேட மனிதர்கள் வேண்டும். தமிழகம், கோவா, மகாராஷ்டிரம் ஆகிய இடங்களில் 282 நோயாளிகளிடம் நடந்த சமூகப் பராமரிப்புச் சோதனை 2014-இல் லான்செட் இதழில் வெளியானது. பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர் வீட்டுக்கே சென்று குடும்பத்தோடு பேசி, அன்றாட வேலைகளைப் படிப்படியாகத் தொடங்கவைத்தார். மருத்துவமனைச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட இவர்களிடம் ஓராண்டில் அறிகுறியும் இயலாமையும் குறைந்தன. பயன் மிதமானதுதான், ஆனால் கிராமப்புறத் தமிழகத்தில் அது தெளிவாக இருந்தது. நீண்டகாலம் நிறுவனங்களில் இருந்தவர்களைச் சாதாரணத் தெருக்களில் வாடகை வீடெடுத்துச் சிறு குழுக்களாகக் குடியமர்த்தும் ‘பான்யன்’ அமைப்பின் திட்டமும், விங்கும் பிரவுனும் சொன்னதைத் தமிழ் மண்ணில் மெய்ப்பித்துவருகிறது.

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் மாண்டார்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடைசெய்கிறது. அதே சட்டத்தின் 18-ஆம் பிரிவு இடைநிலை இல்லங்களையும், ஆதரவுடன் கூடிய தங்குமிடங்களையும், வீட்டுக்கே வரும் மறுவாழ்வுச் சேவையையும் அரசின் கடமையாக்குகிறது. தடையைக் கண்காணிப்பதில் காட்டும் அக்கறையை இந்தக் கடமையில் நாம் காட்டவில்லை. எழுபது வயதுப் பெற்றோர் நாற்பது வயது மகனைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கும் வீடுகள் ஒவ்வோர் ஊரிலும் உள்ளன. அவர்களுக்குப் பிறகு அந்த மகனை எழுப்பப் போவது யார் என்பதற்குச் சட்டம் விடை எழுதி வைத்திருக்கிறது. அந்த விடையை நடைமுறைக்குக் கொண்டுவருவதுதான் இன்னும் மீதமிருக்கிறது.