வைல்ட்லைஃப் ரெஸ்க்யூ: தில்லியின் தனியார் பறவை மீட்பகம்

வைல்ட்லைஃப் ரெஸ்க்யூ என்பது நதீம் ஷெஹ்சாத், முகம்மது சவுத் என்னும் சகோதரர்கள் தில்லியில் உருவாக்கிய பறவை மீட்பகம் ஆகும். காயமடைந்த கரும்பருந்துகளுக்கும் பிற கொன்றுண்ணிப் பறவைகளுக்கும் சிகிச்சை அளிப்பது இதன் முதன்மைப் பணி. தனியார் மீட்பகம் ஒன்றைத் தொடர்ந்து நடத்துவதில் உள்ள இடர்ப்பாடுகளை இதன் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

தொடக்கம்

பருந்துகளுக்கு இறைச்சித் துண்டுகளை வீசுவதைத் தருமமாகக் கருதும் வழக்கம் பழைய தில்லி முஸ்லிம்களிடையே உண்டு. அவ்வழக்கத்தைப் பார்த்து வளர்ந்த இச்சகோதரர்கள், 2003ஆம் ஆண்டில் அடிபட்ட பருந்து ஒன்றைப் பறவை மருத்துவமனைக்கு எடுத்துச் சென்றனர். இறைச்சி உண்ணும் பறவை என்பதால் அது அங்கு ஏற்கப்படவில்லை. அதன் பின்னர் கிடைத்த பருந்துகளை அவர்கள் வீட்டிலேயே வைத்துப் பேணத் தொடங்கினர். இளமையில் உடற்கட்டுப் பயிற்சி செய்தபோது தசைகளையும் தசைநாண்களையும் பற்றி அறிந்தது அவர்களுக்குச் சிகிச்சையில் கைகொடுத்தது. 2010இல் இப்பணி அமைப்பு வடிவம் பெற்றது.

மாஞ்சா நூல்

இங்கு வரும் பறவைகளுள் பல, பட்டம் விடும் மாஞ்சா நூலால் அறுபட்டவை. கண்ணாடித்தூள் பூசிய இந்நூல் இறக்கையின் தோலையும் தசைநாணையும் வெட்டிவிடும். ஆகஸ்டு 15, சுதந்திர தினத்தை ஒட்டித் தில்லியில் பட்டம் விடுதல் மிகுவதால் அந்நாட்களில் காயங்களும் பெருகும். 2017இல் தில்லி அரசும் தேசிய பசுமைத் தீர்ப்பாயமும் இத்தகைய நூல்களுக்குத் தடை விதித்தன. ஆயினும் அவற்றின் பயன்பாடு ஒழியவில்லை.

பணமும் இடமும்

தொடக்க ஆண்டுகளில், சகோதரர்கள் நடத்திய சோப்புக் கொள்கலன் தொழிலின் வருவாயே மீட்பகத்தைத் தாங்கியது. வசீராபாத் பகுதியில் இருந்த அவர்களது கட்டடத்தின் நிலவறை தொழிற்கூடமாகவும் மருத்துவ இடமாகவும் விளங்கியது. இறைச்சி, மருந்து ஆகியவற்றின் செலவை ஒரு நாளும் ஒத்திவைக்க இயலாது. குணமடைந்த பறவையை வானில் விட்டுவிடலாம். தசைநாண் அறுந்து பறக்கும் ஆற்றலை இழந்த பறவைக்கோ வாழ்நாள் முழுவதும் உணவும் கூண்டும் வேண்டும். இதனால் காப்பாற்றப்படும் பறவைகள் பெருகப் பெருக, மீட்பகத்தின் நிலையான சுமையும் கூடுகிறது.

வெளிநாட்டு நன்கொடை பெறுவதற்கு, வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் அரசின் அனுமதி தேவை. இம்மீட்பகத்தின் விண்ணப்பம் முன்னர் நிராகரிக்கப்பட்டது. எனவே, அப்போது வெளிநாட்டில் உதவ முன்வருவோர் இருந்தாலும் அப்பணம் உடனே வந்து சேரும் நிலை இருக்கவில்லை.

புகழும் அதன் எல்லையும்

2020இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் இப்பணியைப் பற்றி எழுதியது. 2022இல் சௌனக் சென் இயக்கிய ‘ஆல் தட் பிரீத்ஸ்’ ஆவணப்படம் வெளிவந்தது. அது சன்டான்ஸ் விழாவில் உலக ஆவணப்படப் பிரிவின் பெருநடுவர் பரிசையும், கான் விழாவில் சிறந்த ஆவணப்படத்துக்கான பரிசையும் பெற்றது. 2023இல் ஆஸ்கர் விருதுக்கும் பரிந்துரைக்கப்பட்டது.

இப்புகழ் மீட்பகத்தை உலகறியச் செய்தது. ஆனால் மக்களின் கவனம் ஒரு படத்தோடு எழுந்து தணியக்கூடியது. பருந்துகளின் காயங்களோ ஆண்டுதோறும் தொடர்கின்றன. சிகிச்சை பறவையை மட்டுமே மீட்கும், காயத்தின் காரணத்தை நீக்காது. மாஞ்சா நூல் வானில் இருக்கும் வரை, இத்தகைய மீட்பகங்களின் நிலைபேறு நிரந்தரமான வருவாயையும் இடத்தையும் பொறுத்தே அமையும்.