சி மொழியின் தலைப்புக் கோப்புகள்: ஒரு நெறியின் வரலாறு

1972, 1973 ஆம் ஆண்டுகளில், அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்திலுள்ள பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிச்சி சி மொழியை உருவாக்கிவந்தபோது, நிரல் தொகுப்பியைச் சென்றடையும் முன் அதன் உரையை மாற்றியமைக்கும் முன்செயலி அம்மொழியோடு சேர்ந்தது. ஆலன் ஸ்னைடர் வற்புறுத்தியது அதற்கு ஒரு காரணம்; பிசிபிஎல், பிஎல்/ஐ மொழிகளில் ஒரு கோப்பை மற்றொன்றினுள் சேர்க்கும் வசதி பயன்பட்டதை உணர்ந்தது மற்றொரு காரணம். கோப்பைச் சேர்ப்பதும் ஒரு பெயருக்கு ஈடாக வேறு உரையை இடுவதுமே தொடக்கத்தில் அதன் பணிகள். நிபந்தனைக்கேற்ப வரிகளை நீக்கும் ஆற்றல், மைக் லெஸ்க், ஜான் ரைசர் ஆகியோர் அதை விரிவாக்கியபோது வந்தது. பல கோப்புகளுக்குப் பொதுவான அறிவிப்புகளைத் தாங்கும் தலைப்புக் கோப்பை முன்செயலி பொருளறியாமல் அப்படியே படியெடுத்து வைக்கிறது. தலைப்புக் கோப்புகளுக்கென வளர்ந்த நெறிகளுள் முதன்மையானவை அந்தக் குறையை ஈடுசெய்யவே எழுந்தன. அவற்றை வெறும் எழுத்தழகாகக் கொள்வது பிழை.

1975 இல் வெளிவந்த யுனிக்ஸ் ஆறாம் பதிப்பில், இயங்கும் நிரல்களின் பட்டியலுக்குரிய இடமே தலைப்புக் கோப்பில் வரையறுக்கப்பட்டிருந்தது. அதைச் சேர்த்த ஒவ்வொரு நிரல் கோப்பும் அப்பட்டியலைத் தனக்கெனவும் வரையறுத்தது. தனித்தனியே தொகுத்த கோப்புகளைச் சேர்த்து ஒரே நிரலாக்கும் இணைப்பி, தொடக்க மதிப்பு இல்லாத ஒரே பெயர்களை ஒன்றாக்கியதால் மட்டுமே அது இயங்கியது. ஒரு பெயர் எங்கோ உள்ளது என்று சொல்லும் அறிவிப்பு தலைப்புக் கோப்பிலும், அதற்கு நினைவகத்தில் இடம் ஒதுக்கும் வரையறை ஒரே ஒரு நிரல் கோப்பிலும் இருக்கவேண்டும் என்னும் நெறி இந்தத் தளர்வுக்கு மாற்றாக நிலைபெற்றது. ஆயினும் பழைய வழக்கம் எளிதில் மறையவில்லை: ஜிசிசி தொகுப்பி அதை இயல்பாக ஏற்பதை நிறுத்தியது 2020 இல் வந்த பத்தாம் பதிப்பில்தான்.

ஒரே கோப்பு இருமுறை சேர்ந்தால் அதிலுள்ள கட்டமைப்புகள் மீண்டும் வரையறுக்கப்பட்டுப் பிழை நேரும். ஆகவே, ஒரு பெயர் வரையறுக்கப்படாதிருந்தால் மட்டும் அதை வரையறுத்து உள்ளடக்கத்தைச் சேர்க்கச் சொல்லும் காப்பு வரிகளால் கோப்பு முழுவதையும் சூழ்வது வழக்கமாயிற்று. 1989 இல் நிறைவேறிய அமெரிக்கத் தரநிலை, தன் 15 தலைப்புகளை எந்த வரிசையிலும் எத்தனை முறையும் சேர்க்கலாம் என்று உறுதியளித்து, ஒன்றுக்கு மட்டும் விலக்குத் தந்தது. அதே ஆண்டில், பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ராப் பைக் தம் குறிப்புகளில், தலைப்புக் கோப்பு வேறொரு தலைப்புக் கோப்பைச் சேர்க்கவே கூடாது என்றும், தனக்கு முன் எவை சேரவேண்டும் என்பதைச் சொல்லிவிட்டால் போதும் என்றும் எழுதினார். காப்பு வரிகள் இருந்தாலும், தொகுப்பி ஆயிரக்கணக்கான வரிகளை வீணாகப் படிக்கிறது என்பது அவர் வாதம். அது அன்று உண்மையே. பிளான் 9 இயங்குதளத்தின் நிரல்கள் அவர் வழியில் அமைந்தன. வெளியுலகமோ, தனக்கு வேண்டியவற்றைத் தானே சேர்த்துக்கொள்ளும் கோப்பையே தேர்ந்தது. நிரலாளர் மாறிக்கொண்டே இருக்கும் பெரிய திட்டங்களில் வரிசையை நினைவில் வைப்பது இயலாததாகையால் அத்தேர்வு சரியானதே. பைக் சுட்டிய வீண்செலவையும் ஜிசிசி பின்னர்க் குறைத்தது: காப்பு வரிகளுக்கு வெளியே குறிப்புரைகளைத் தவிர வேறெதுவும் இல்லாத கோப்பை அது அடையாளம் கண்டுகொண்டு, மறுமுறை திறக்காமலேயே கடந்துவிடுகிறது.