டிஸ்க்கைப் பழக்குதல்: பிரேக்கின் ஒரு சிறு வரலாறு

சென்ற மாதம் தில்லியில் நண்பர் ஒருவர் தம் காரின் முன்சக்கரங்களுக்குத் துளையிட்ட புதிய பிரேக் டிஸ்க்குகளும் பேடுகளும் மாற்றினார். பொருத்தியவர் சொன்னது ஒரே தொடர்: "செட் ஹோ ஜாயேகா." கோவையில் என்றால் "ஓட ஓட செட் ஆயிடும்" என்றிருப்பார்கள். மறுநாளே நண்பர் முசூரி மலையேறி இறங்கினார். ஒரு வாரத்தில், பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் ஸ்டீயரிங் நடுங்கத் தொடங்கியது. டிஸ்க் கோணிவிட்டது, வேறு வாங்குங்கள் என்று பொருத்திய இடத்தில் சொல்லிவிட்டார்கள்.

டிஸ்க் கோணவில்லை; பழக்கப்படவில்லை. இவ்வேறுபாட்டை அறிய நூற்றிருபது ஆண்டுகள் பின்னே செல்ல வேண்டும்.

1902இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஃபிரடெரிக் லான்செஸ்டர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். சுழலும் உலோகத் தட்டை இருபுறமும் செம்புப் பட்டைகள் கவ்வும் அமைப்பு அது. கருத்து சரியானது, பொருள்தான் ஒத்துழைக்கவில்லை. செம்பு கிறீச்சிட்டது, புழுதிச் சாலைகளில் விரைந்து தேய்ந்தது. எதை எதன்மீது உரசுவது என்பதே பிரேக்கின் அடிப்படைச் சிக்கல் என்பதை அத்தோல்வி உணர்த்தியது.

அச்சிக்கலுக்கு டெர்பிஷயரைச் சேர்ந்த ஹெர்பர்ட் ஃப்ரூட் விடை கண்டார். அவர் தொடங்கிய ஃபெரோடோ நிறுவனம் ஆஸ்பெஸ்டாஸ் இழைகளாலான பிரேக் பட்டைகளை உருவாக்கியது. வெப்பம் தாங்கியது, ஓசை அடங்கியது. ஆனால் அந்த அமைதிக்கு வேறொரு விலை இருந்தது. 1924இல் ராக்டேல் நகரில் நெல்லி கெர்ஷா என்ற ஆலைத் தொழிலாளி 33 வயதில் இறந்தார். அவருடைய நுரையீரலை ஆராய்ந்த மருத்துவர் வில்லியம் குக், அதில் ஆஸ்பெஸ்டாஸ் துகள்களைக் கண்டு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். நெல்லி பிரேக் செய்தவர் அல்லர், ஆஸ்பெஸ்டாஸ் நூல் நூற்றவர். எனினும் அக்காலப் பிரேக் பட்டைகள் அத்தகைய நூலால் நெய்யப்பட்டவையே. பிரிட்டன் ஆஸ்பெஸ்டாஸை முற்றாகத் தடை செய்தது 1999இல்தான். அதுவரை எத்தனையோ பட்டறைகளில் மெக்கானிக்குகள் பிரேக் தூசியைக் காற்றால் ஊதித் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

டிஸ்க் பிரேக் தன் தகுதியை உலகறியச் செய்தது 1953இல். அவ்வாண்டு லெ மான் பந்தயத்தில் டன்லப் டிஸ்க்குகள் பூட்டிய ஜாகுவார் சி-டைப்பை டோனி ரோல்ட்டும் டங்கன் ஹாமில்டனும் ஓட்டி வென்றனர். அப்பந்தயத்தின் சராசரி வேகம் முதன்முறையாக மணிக்கு 160 கி.மீ.யைக் கடந்தது. மூடிய டிரம்முக்குள் சிறைப்படும் வெப்பம், திறந்த தட்டிலிருந்து எளிதில் வெளியேறியதே காரணம்.

இனி நண்பரின் காருக்கு வருவோம். புதிய டிஸ்க்கும் புதிய பேடும் முதலில் அந்நியர்கள். அளவோடு சூடேறும்போது பேடின் பொருள் மெல்லிய படலமாக டிஸ்க்கின்மீது சீராகப் படிகிறது. அதன்பின் பிடிமானத்தின் பெரும்பகுதி அப்படலத்தால் வருவது. படியும் முன்பே தட்டைக் கொதிக்கவிட்டு, பெடலை மிதித்தபடி வண்டியை நிறுத்தினால், பேடு தொட்ட இடத்தில் மட்டும் திட்டாக ஒட்டும். அத்திட்டு சுற்றுக்கொரு முறை கூடுதலாகப் பிடிக்கும், அதுவே நடுக்கம்.

நாங்கள் சக்கரங்களைக் கழற்றினோம். ஹப்பில் துருவைச் சுரண்டாமலேயே டிஸ்க்கைப் பூட்டியிருந்தார்கள். சுத்தம் செய்து, நட்டுகளை எதிரெதிராக, டார்க் ரெஞ்சால் இறுக்கினோம். விடியற்காலையில் ஆளற்ற சாலையில் 50 கி.மீ. வேகத்திலிருந்து சில மென்மையான மிதிகள். பிறகு 90இலிருந்து 20க்கு எட்டு முறை, ஒருமுறையும் முழுதாக நிற்காமல். இறுதியில் பிரேக்கைத் தொடாமல் பத்து நிமிடம் ஓட்டி ஆறவிட்டோம். நடுக்கம் அடங்கிவிட்டது. உண்மையிலேயே கோணியிருந்தால் இது நடந்திராது. பேடு தயாரிப்பாளர் வேறு முறை கூறினால் அதையே பின்பற்றுக.

மொழியியல் படித்தவன் என்பதால் ஒரு சொல்லைப் பற்றி. இச்செயலை ஆங்கிலேயர் 'பெட்டிங்' என்பர். நம் அடுக்களையில் அதைவிடத் துல்லியமான சொல் இருக்கிறது. புதுத் தோசைக்கல்லை எண்ணெய் தடவி, சூடேற்றி, ஆறவிட்டு, மீண்டும் தடவிப் 'பழக்குகிறோம்'. இரும்பின்மேல் ஒரு படலத்தைப் பொறுமையாகப் படியவைப்பதே அங்கும் நிகழ்வது. 'செட் ஆகும்' என்பதில் செய்பவர் இல்லை, தானாக நடந்துவிடும் என்ற நம்பிக்கை மட்டுமே உண்டு. 'பழக்குதல்' பிறவினை; செய்பவர் ஒருவர் வேண்டும்.

பட்டறையில் காற்றுக் குழாயை எடுத்துப் பிரேக் தூசியை ஊதப் போகும் தம்பியைக் கண்டால், ஈரத்துணி கொடுங்கள். நெல்லி கெர்ஷா இறந்து நூறாண்டு கடந்துவிட்டது.