டாக்டர் வார்டின் கண்ணாடிப் பெட்டி

ஏற்காட்டிலோ ஊட்டியிலோ ஒரு பூச்செடியை வாங்கிக்கொண்டு பஸ்ஸில் ஊர் திரும்பியிருக்கிறீர்களா? ஏழெட்டு மணி நேரப் பயணம்தான். வீடு வந்து சேர்வதற்குள் இலைகள் தொங்கிவிடும். வேர் மண் உதிர்ந்துவிடும். அதே செடியை ஆறு மாதம் கடலில் கொண்டுபோக வேண்டுமென்றால் என்ன ஆகும்?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டக்காரர்களுக்கு இதுதான் பெரிய தலைவலி. செடியைக் கப்பலின் மேல்தளத்தில் வைத்தால் உப்புத் தண்ணீர் தெறித்துக் கருகும். கீழே வைத்தாலோ வெளிச்சம் கிடையாது. குடிதண்ணீரோ மாலுமிகளுக்கே அளந்துதான் ஊற்றப்படும். செடிக்கு யார் கொடுப்பார்கள்? சீனாவிலிருந்து இங்கிலாந்துக்குச் செடி அனுப்பி வந்த ஜான் லிவிங்ஸ்டன் என்ற மருத்துவர் 1819-இல் ஒரு கணக்குச் சொன்னார்: ஒரு செடி உயிரோடு போய்ச் சேர ஆயிரம் செடிகள் வழியில் சாகின்றன.

இதற்கு விடை கண்டவர் கப்பல்காரரும் அல்லர், தொழில்முறைத் தாவரவியல் அறிஞரும் அல்லர். லண்டன் துறைமுகத்துக்கு அருகே வைத்தியம் பார்த்து வந்த நதேனியல் பாக்‌ஷா வார்டு (1791-1868) என்ற மருத்துவர். செடி வளர்ப்பதில் அவருக்குத் தீராத ஆசை. வீட்டு முற்றத்தில் கற்களை அடுக்கி, பெரணிகளையும் பாசிகளையும் நட்டுப் பார்த்தார். அத்தனையும் பட்டுப்போயின. காரணம் சுற்றியிருந்த தொழிற்சாலைகளின் நிலக்கரிப் புகை. கரித்தூள் இலைகளில் படிந்து ஒளியை மறைத்தது. புகையிலிருந்த கந்தக வாயு இலைகளைத் தீய்த்தது.

1829-இல் அவர் செய்தது செடியைப் பற்றிய சோதனையே அன்று. ஓர் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை ஈர மண்ணில் புதைத்து, அகன்ற வாய்க் கண்ணாடிப் புட்டியில் வைத்து மூடினார். பூச்சி எப்படி வெளிவருகிறது என்று பார்ப்பதுதான் நோக்கம். நாள்தோறும் அவர் கண்ட காட்சி வேறு. பகலில் மண்ணின் ஈரம் ஆவியாகி மேலே எழுந்தது. கண்ணாடியில் நீர்த்துளிகளாகப் படிந்து, வழிந்து, மறுபடி மண்ணிலேயே சேர்ந்தது. பூச்சி வெளிவரும் நாளுக்குச் சுமார் ஒரு வாரம் முன்பு, மண்ணில் பச்சையாக ஏதோ தலைகாட்டியது. ஒன்று புல், மற்றொன்று பெரணி! முற்றத்தில் வளர மறுத்த அதே பெரணி இனம்.

புட்டியை ஜன்னலுக்கு வெளியே வைத்தார். ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாமலே அந்த இரண்டும் ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் வாழ்ந்தன.

இது மாயமா என்று கேட்பீர்கள். இல்லை. செடி வேர் வழியே உறிஞ்சும் நீரில் பெரும்பகுதியை இலைகளின் வழியே ஆவியாக வெளிவிடுகிறது. திறந்த வெளியில் அது காற்றோடு போய்விடும். நாம் மீண்டும் ஊற்றுகிறோம். மூடிய கண்ணாடிக்குள் அது எங்கே போகும்? குளிர்ந்து மண்ணுக்கே திரும்புகிறது. காற்றின் கதையும் அப்படித்தான். பகலில் ஒளிச்சேர்க்கையின்போது செடி கரியமிலவாயுவை எடுத்துப் பிராணவாயுவை விடுகிறது. செடியின் சுவாசமும், மண்ணில் இலைதழைகளை மக்கச் செய்யும் நுண்ணுயிர்களின் சுவாசமும் கரியமிலவாயுவைத் திருப்பித் தருகின்றன. வெளிச்சம் மட்டும் வெளியிலிருந்து வந்தால் போதும். புகையும் உப்பும் உள்ளே நுழைவதில்லை.

புகைக்குத் தப்பும் செடி கடலுக்கும் தப்பும் அல்லவா? வார்டு துணிந்து சோதித்தார். 1833 ஜூன் மாதம் பெரணி, பாசி, புல் நிறைந்த இரண்டு கண்ணாடிப் பெட்டிகள் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகருக்குக் கப்பலேறின. ஏறக்குறைய எல்லாமே பச்சைப் பசேலென்று போய்ச் சேர்ந்தன. திரும்பி வந்த பயணம்தான் கடுமையான சோதனை. 1834 பிப்ரவரியில் ஆஸ்திரேலியச் செடிகள் பெட்டிகளில் வைக்கப்பட்டபோது கொளுத்தும் கோடை. தென் அமெரிக்காவின் ஹார்ன் முனையில் தளமெங்கும் பனி, வெப்பநிலை 20 டிகிரி பாரன்ஹீட்; பூமத்தியரேகையைக் கடக்கையில் 120 டிகிரி. எட்டு மாதம் கழித்து லண்டனில் திறந்தபோது செடிகள் செழிப்பாக இருந்தன. அதுவரை பிரிட்டனில் உயிரோடு எவரும் பார்த்திராத ஒரு பெரணியும் அவற்றில் இருந்தது. வழியில் ஒரு முறைகூடத் தண்ணீர் ஊற்றவில்லை.

லண்டனின் புகழ்பெற்ற நாற்றங்கால்காரர் ஜார்ஜ் லாடிஜஸ், முன்பு இருபதில் பத்தொன்பது செடிகளைப் பறிகொடுத்ததாகவும், பெட்டி வந்தபின் இருபதில் பத்தொன்பது பிழைப்பதாகவும் கூறினார். 1845-இல் கண்ணாடி வரி நீங்கியதும், இத்தகைய பெட்டிகள் இங்கிலாந்தின் வரவேற்பறைகளில் அலங்காரப் பொருளாகவும் இடம்பிடித்தன.

ஆனால் வரவேற்பறையைவிடக் கப்பல் தளத்தில்தான் அது உலகை மாற்றியது. இன்று ‘மோரிஸ்’ என்று வாங்கித் தின்கிறோமே, அந்தப் பச்சை வாழை சேர்ந்த கேவண்டிஷ் இனம் 1830-களின் இறுதியில் ஓர் ஆங்கிலப் பிரபுவின் தோட்டத்திலிருந்து பசிபிக் தீவான சமோவாவுக்குப் போனது இத்தகைய பெட்டியில்தான்.

நம் நீலகிரிக்கும் இப்பெட்டிக்கும் நேரடி உறவு உண்டு. மலேரியாக் காய்ச்சலுக்கு அன்றிருந்த ஒரே நல்ல மருந்து சின்கோனா மரப்பட்டையிலிருந்து எடுக்கும் கொய்னா. மரத்தின் தாயகமோ தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைகள். 1860-இல் கிளெமென்ட்ஸ் மார்க்கம் பெரு நாட்டிலிருந்து கொண்டுவந்த கன்றுகள் பெட்டிகளோடு ஊட்டி வந்து சேர்ந்தன. ஆனால் செங்கடலின் வெப்பத்தில் வாடியவை ஊட்டியில் தேறவில்லை. மூடிய கண்ணாடி வெயிலில் அடுப்பாகிவிடும் என்பதை மறக்கலாகாது. அடுத்த முயற்சி பலித்தது. ரிச்சர்டு ஸ்ப்ரூஸ் ஈக்வடாரில் வளர்த்துப் பெட்டிகளில் அனுப்பிய 637 சிவப்புப்பட்டைக் கன்றுகளில் 463, 1861 ஏப்ரலில் ஊட்டியை அடைந்தன. அங்கிருந்த அரசுத் தோட்டத்தின் தலைவர் மக்கைவர் அவற்றைப் பெருக்கினார். மரத்தை வெட்டாமல் பட்டையைக் கீற்றாக உரித்து, காயத்தைப் பாசியால் மூடினால் புதுப்பட்டை வளரும் என்று காட்டியவரும் அவரே. தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் சின்கோனாத் தோட்டங்கள் எழுந்தன.

ரப்பரும் அப்படியே. 1876-இல் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்கு வந்த சுமார் 70,000 விதைகளில் முளைத்தவை 2,700 அளவே. அவற்றில் 1,919 கன்றுகள் 38 பெட்டிகளில் இலங்கைக்குப் புறப்பட்டன. அடுத்த ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூர் சென்றன. பின்னாளில் மலாயாவில் ரப்பர் பால் வெட்டக் கப்பலேறிய தமிழர்களின் எண்ணிக்கையை நினைத்துப் பாருங்கள். கன்று வந்த கப்பலில் அதற்குக் கண்ணாடிக் கூரை இருந்தது. கூலியாகச் சென்றவர்களுக்கு அத்தனை அக்கறை காட்டப்பட்டதாக எனக்குத் தோன்றவில்லை. செடி எடுக்கப்பட்ட நாடுகளுக்கும் நட்டமே. பிரேசிலின் காட்டு ரப்பர் வாணிகம் ஆசியத் தோட்டங்களுக்கு முன் சரிந்தது.

இன்னொரு கேடும் பெட்டிக்குள் இருந்தது. செடியோடு மண் போயிற்று. மண்ணோடு புழுவும் பூச்சி முட்டையும் காளான் வித்தும் போயின. நாடுகள் விழித்துக்கொண்டு மண்ணோடு செடி வருவதைத் தடுக்கும் சட்டங்கள் செய்தன. பிளாஸ்டிக் பையும் விமானமும் வந்தபின் பெட்டிக்கு வேலை இல்லாமல் போயிற்று. கியூ தோட்டம் அதைக் கடைசியாகப் பயன்படுத்தியது 1960-களில்.

வார்டின் சோதனையை நீங்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். அகன்ற வாயுள்ள கண்ணாடி ஜாடியில் இரண்டு விரல் உயரம் கூழாங்கல்லும், அதன்மேல் சிறிது அடுப்புக்கரித் துண்டுகளும் போடுங்கள். பிறகு இலைமட்கு கலந்த மண். கிணற்றுச் சுவரில் முளைக்கும் சிறு பெரணியும் பாசியும் போதும்; கள்ளியும் ரோஜாவும் இதற்கு ஆகா. மண் நனையுமளவு மட்டும் நீர் தெளித்து மூடி, நேர் வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள். நாள் முழுதும் கண்ணாடி மூடுபனிபோல் மறைத்தால் நீர் அதிகம். சில மணி நேரம் திறந்து வைத்து மூடுங்கள். இரும்பு மூடி மட்டும் வேண்டாம். வார்டின் மூடி துருப்பிடித்து, அவர் ஊரில் இல்லாதபோது மழைநீர் உள்ளே புகுந்துதான் அந்தப் பெரணியும் புல்லும் அழுகிப் போயின.