பல்லைப் பார்த்து வயது சொன்ன காலம்

1833-ஆம் ஆண்டுச் சட்டம் இங்கிலாந்தின் நூற்பாலைகளில் 9 வயது நிரம்பாத பிள்ளைகளை வேலைக்கு வைக்கத் தடை விதித்தது. அரசின் பிறப்புப் பதிவோ 1837-இல்தான் தொடங்கியது. கூலியை நம்பிய பெற்றோர் வயதைக் கூட்டிச் சொன்னார்கள். மருத்துவர்கள் உயரத்தையும் தோற்றத்தையும் பார்த்துச் சான்று கொடுத்தார்கள். சந்தையில் மாட்டின் வயதைப் பல்லைப் பார்த்துச் சொல்வார்கள்; பிள்ளைக்கும் பல்லைப் பாருங்கள் என்று அதே 1837-இல் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு எழுதினார் பல் மருத்துவர் எட்வின் சாண்டர்ஸ். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் வாயைச் சோதித்தவர் அவர். பல் வயதைக் காட்டுவது இப்படி: பால்பல் எதுவும் விழாமலே, வரிசையின் கடைசியில் ஈறைக் கிழித்து வரும் முதலாவது நிலையான கடைவாய்ப்பல் 6 வயதையொட்டி முளைக்கும், அடுத்தது 12-ஐயொட்டி.

பட்டினிப் பிள்ளைக்குப் பல்லும் தாமதமாகத்தானே முளைக்கும் என்று கேட்கலாம். நியாயம்தான். நீண்டநாள் ஊட்டக்குறைவு பல்லைத் தாமதப்படுத்தும். எடை கூடிய பிள்ளைகளுக்கு நிலைப்பற்கள் முந்துவதைப் பிற்கால ஆய்வுகள் பல காட்டுகின்றன. ஆனால் அந்த வித்தியாசம் பெரும்பாலும் மாதக் கணக்குதான். சோறில்லாமை உயரத்தையும் எடையையும் பாதிக்கும் அளவுக்குப் பல்லைப் பாதிப்பதில்லை. உயரத்தை நம்பியதால் பாதிக்கப்பட்டது வயதை மீறி வளர்ந்த 8 வயதுப் பிள்ளை. அதன் உயரம் சொன்ன பொய்யைப் பல் அவ்வளவு எளிதில் சொல்லாது. சாண்டர்ஸ் முறையின் உண்மையான பலவீனம், என் பார்வையில், எடையே அல்ல: ஒரே எடையுள்ள இரு பிள்ளைகளுக்குள்ளேயே பல் முளைப்பதில் ஒரு வருட வித்தியாசம் சாதாரணம்.