அட்டை இருக்கு, புத்தகம் எங்க?

2005 தை மாதம், ஈழத்து நூல்களை மின்வருடி இணையத்தில் வைக்கும் நூலகம் திட்டம் தொடங்கியது. அதே ஆண்டு சித்திரையில் லினஸ் டோர்வால்ட்ஸ் கிட் மென்பொருளை எழுதினார். லினக்ஸ் குழு பாவித்துவந்த பிட்கீப்பரின் இலவச அனுமதி நின்றுபோனதுதான் காரணம். கிட்டில் ஒரு களஞ்சியத்தை இறக்குகிற ஒவ்வொருத்தரிட்டயும் அதன் முழு வரலாறும் வந்துசேரும். 1981இல் ஏறத்தாழ 97,000 நூல்களோட நூலகம் எரிஞ்ச ஊர்க்காரருக்கு இதன் பெறுமதியை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

சிக்கல் அடுத்த படியில்தான். ஒரே நிரல் நாலு மென்பொருளுக்குத் தேவைப்பட்டால்? பழைய வழி, பிரதி எடுத்து ஒட்டுறது. பிறகு அதில ஒரு பிழை கண்டால் மூண்டு இடத்தில திருத்துவம், நாலாவதை மறந்துபோவம். 2007இல் கிட் 1.5.3 பதிப்போட ‘சப்மொடியூல்’ வந்தது. பொது நிரல் தனிக் களஞ்சியத்தில் இருக்கும். அதைப் பாவிக்கிற களஞ்சியம், அந்த முகவரியையும் எந்தக் கட்டத்து நிரல் வேணும் எண்டு காட்டுற 40 இட அடையாளத்தையும் மட்டும் குறித்து வைக்கும். நூலகப் பட்டியல் அட்டை மாதிரி: எந்தத் தட்டு, எந்தப் பதிப்பு எண்டு சொல்லும். புத்தகம் அட்டைக்குள்ள இல்லை.

லிப்ரே ஒஃபிஸில் இதைப் பார்க்கலாம். 2010இல் ஓப்பின் ஒஃபிஸிலிருந்து பிரிந்தபோது அது ஏறத்தாழ 20 களஞ்சியங்களாகக் கிடந்தது. ஒரு சின்ன மாற்றத்துக்கும் பல இடம் ஏறி இறங்கவேணும். பிறகு பெரும்பாலானதை ஒன்றாக்கி, மொழிபெயர்ப்பு, அகராதி, உதவிப் பக்கங்கள் மூன்றையும் சப்மொடியூலாக வெளியே விட்டார்கள். ஆகவே நாங்கள் திரையில் பார்க்கும் தமிழ்ப் பட்டியல்கள் தாய்க் களஞ்சியத்தில் இல்லை. அங்கே அட்டையைப் புதுப்பிக்கும் வேலையை இயந்திரமே செய்கிறது. மனுசரை நம்பாதது நல்லதுதான்.

எங்கட ஊர்க் கதைக்கு வருவம். வாய்மொழி வரலாறுகளும் ஒளிப்படங்களும் உள்ள நூலக நிறுவனத்தின் ‘ஆவணகம்’ தளம் ஐலன்டோராவில் கட்டப்பட்டது. கனடாவின் பிரின்ஸ் எட்வேர்ட் தீவுப் பல்கலைக்கழகத்தில் 2006இல் தொடங்கிய மென்பொருள் அது. அதன் ஏழாம் தலைமுறையில் படத்துக்கு ஒன்று, ஒலிக்கு ஒன்று, காணொளிக்கு ஒன்று எண்டு தனித்தனிக் களஞ்சியங்கள். அவற்றைச் சேர்த்துக் கட்டியது ஒரே பதிப்பு எண். ஒவ்வொரு வெளியீட்டிலும் எல்லாத்துக்கும் அதே எண்ணைக் குத்துவார்கள். எண் பொருந்தாத இரண்டைக் கலந்தால் தலையிடிதான். இவ்வளவும் ஏறி நின்றது ட்ரூப்பல் 7 மேல். அதற்கான ஆதரவு 2025 தை 5ஆம் திகதி முடிந்தது. ஒரு கிழவியின் குரல்பதிவு நாளைக்கும் திறக்குமா என்பது, கடல் கடந்த ஆக்கள் எந்தக் களஞ்சியத்தைப் பராமரிக்கினம் என்பதிலயும் தங்கியிருக்கு.

மூலக் களஞ்சியத்தை அதன் சொந்தக்காரர் அழித்துவிட்டால் சப்மொடியூலில் மிஞ்சுவது அட்டை மட்டும். 2012இல் கிட்டோடு சேர்ந்த ‘சப்ட்ரீ’ வேறு மாதிரி: பொது நிரலையே எங்கட களஞ்சியத்துக்குள் கொண்டுவந்து வைக்கும், விரும்பினால் வரலாற்றோடயே. ஆவணக்காப்பகங்களுக்கு இதுதான் பொருத்தம் எண்டு எங்களுக்குப் படுது. களஞ்சியம் பெருக்கும், நாங்கள் செய்த திருத்தத்தைப் பிரித்தெடுத்து மூலத்துக்குத் திருப்பி அனுப்ப மினக்கெடவும் வேணும். அந்த மினக்கேட்டுக்குத்தான் எங்களிட்ட ஆள் தட்டுப்பாடு.