போஸ்டரோடு நின்ற சோழர் உலகம்

கங்கைகொண்ட சோழபுரத்துக்கு வருகிறவர்கள் பலர் பெரிய நந்தியோடு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். கொஞ்ச தூரம் தள்ளியிருக்கும் மாளிகைமேட்டில் ராஜேந்திர சோழனின் அரண்மனை இருந்தது. இன்று மிச்சம் செங்கல் அடித்தளம்தான். 1279-க்குப் பிறகு கடைசிச் சோழ மன்னன் மூன்றாம் ராஜேந்திரனைப் பற்றிப் பேச்சில்லை. சோழர் கதை அங்கே அறுந்துபோகிறது.

அறுந்த இடத்தில் முடிச்சுப் போட்டவர் இயக்குநர் செல்வராகவன். 2007-ல் அவருடைய 'ஆயிரத்தில் ஒருவன்' படப்பிடிப்பு தொடங்கியது. 2010 பொங்கலுக்கு வந்த படம், சோழ இளவரசனைக் கார்த்தி காப்பாற்றிக்கொண்டு போவதோடு முடிந்தது. 2021 புத்தாண்டன்று இரண்டாம் பாகத்தின் போஸ்டர் வந்தது. தனுஷ் நடிப்பார், 2024-ல் வெளியீடு. கதை தெரியாது, ஆண்டு மட்டும் தெரியும்!

ஹாலிவுட்டில் இதைவிடப் பெரிய கூத்து நடந்தது. 1943-லேயே ஃபிராங்கன்ஸ்டைனின் அரக்கனையும் ஓநாய் மனிதனையும் ஒரே படத்தில் மோதவிட்ட யுனிவர்சல் நிறுவனம், 2017 மே மாதம் தன் அரக்கர் படங்களை ஒரே கதையுலகமாக இணைக்கும் திட்டத்துக்கு 'டார்க் யுனிவர்ஸ்' என்று பெயர் சூட்டி ஒரு புகைப்படம் வெளியிட்டது. டாம் குரூஸ், ரஸ்ஸல் குரோ, சோஃபியா புடெல்லாவோடு ஜானி டெப்பும் ஹாவியர் பார்டெமும். டெப் 'கண்ணுக்குத் தெரியாத மனிதன்', பார்டெம் அரக்கன். தனி லோகோ, அதற்குத் தனி இசை. அடுத்த மாதம் 'தி மம்மி' வந்து சறுக்கியது. அக்டோபரில் அடுத்த படத்தின் வேலை நின்றது. நவம்பரில் பொறுப்பாளர்கள் இருவரும் விலகினார்கள். டெப், பார்டெம் படங்கள் எடுக்கப்படவே இல்லை. 2020-ல் அதே நிறுவனம் டெப் இல்லாமல், சிறிய செலவில், தனிப்படமாக எடுத்த 'தி இன்விசிபிள் மேன்' நன்றாக ஓடியது என்பது தனி வேடிக்கை.

தமிழில் இயக்குநர் லோகேஷ் கனகராஜ் போனது நேரெதிர் வழி. 2019 தீபாவளிக்கு 'கைதி' எந்த யுனிவர்ஸ் பெயரும் இல்லாமல் வந்தது. 2022-ல் 'விக்ரம்' வெளியாவதற்கு முன்தினம்தான், 'கைதி'யை இன்னொரு முறை பார்த்துவிட்டு வாருங்கள் என்றார். இரண்டு படங்களும் சேர்ந்த அந்த உலகத்துக்குப் பெயர் வைத்தவர்கள் ரசிகர்கள்.

சோழர் பக்கம்? 2024 கடந்தது, படம் வரவில்லை. சோழர்களைத் திரைக்குக் கொண்டுவர முயன்று கைவிட்டவர்களில் எம்.ஜி.ஆரும் உண்டு. 1958-ல் அவர் அறிவித்த 'பொன்னியின் செல்வன்' என்ன ஆனது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.